ஓடமாட்டேன் என்று சொன்னவள் என் மருமகள்

சப்ரகமுவ மாகாணத்தில் ஐயாயிரம் மீற்றர் ஓடுகிற பெண்களில் விஜயகலாவுக்கு முன்னால் போக இரண்டு பேர்தான் உண்டு. காலையில் தேயிலைக் கொழுந்து பறிப்பாள், பின்னேரம் ஓடுவாள். கலா என் மருமகள். மூன்றாம் வகுப்போடு மலையேறிக் கொழுந்து பறித்து, பிறகு பெல்மதுளைச் சந்தியில் சாப்பாட்டுக் கடை போட்டு நிமிர்ந்தவள் நான். ஆளை எடைபோட எனக்குப் புத்தகம் தேவையில்லை. மகனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்திலேயே, "இந்தப் புள்ள காலு சும்மா நிக்காது, நம்ம வீட்டுக்குத்தான்" என்று சொல்லிவிட்டேன். கட்டைக் காற்சட்டையோடு ஓடுகிறாளே என்று லயத்து வரிசை வீடுகளில் முணுமுணுத்தவர்களுக்கு நான் கொடுத்த பதிலை இங்கே எழுத முடியாது.

இந்த வருடம் மாகாணப் போட்டியும் அம்மன் திருவிழாவும் அடுத்தடுத்து வந்தன. எங்கள் தோட்டத் தலைவர் அழகமுத்துவுக்கு வெற்றி வேண்டும்.

"மண் ரோட்டுல ஓடி என்னா புண்ணியம்? தார் போட்ட கார்பட் ரோட்டுக்குப் போ" என்றார். மெல்லிய அடி வைத்த புதுச் சப்பாத்தும் வாங்கிக் கொடுத்தார். பொங்கல் கழிந்த கையோடு ஓடுகிற தூரத்தை அவள் இரட்டிப்பாக்கினாள். அதோடு, வெற்றி கிடைக்கவேண்டும் என்று, திருவிழா முடியும்வரை ஒரு வேளை மரக்கறிச் சோறுதான் என்றும் நேர்ந்துகொண்டாள். நான் தட்டில் மீன் வைத்தால் தள்ளிவிடுவாள்.

கொஞ்ச நாளில் அவளுக்கு மாதவிலக்கு நின்றது. பிள்ளையோ என்று சோதித்துப் பார்த்தோம், இல்லை. தலைவரின் மனைவி சுப்பம்மாதான் அதற்கு விளக்கம் கண்டுபிடித்தாள்.

"ஆத்தாவே நிறுத்திட்டா. வெரதம் தடையில்லாம நடக்கணும்ல!"

லயத்துப் பெண்கள் எல்லோரும் அதை அருள் என்றார்கள். கலாவும் நம்பினாள்.

பிறகு இடது பாதத்தின் மேல்புறம் வலி. முதலில் ஓடி முடித்தபின் வலித்தது, அப்புறம் நடக்கும்போதும் வலித்தது. "சுளுக்கு. எண்ணெ போட்டு நீவினா போயிரும்" என்றார் தலைவர். நான் ஒரு விரலால் அந்த இடத்தை அமுக்கினேன். ஓவென்று கத்தினாள். சுளுக்கு அப்படி ஒரே புள்ளியில் நிற்குமா? யாரையும் கேட்காமல் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

சிங்களப் பெண் டொக்டர், சின்ன வயது. கடை நடத்தியவளுக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு, ஒரு சொல்லையும் நான் விடவில்லை. பாதத்து எலும்பில் மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு என்று எக்ஸ்ரே படத்தில் காட்டினார். "விழுந்தீங்களா?" என்றார். இல்லை என்றாள் கலா. "அப்படியென்றால் சமீபத்தில் எதை மாற்றினீங்க?" என்று கேட்டார். ரோடு, தூரம், சப்பாத்து, சாப்பாடு என்று ஒவ்வொன்றாக வந்தது. மாதவிலக்கைப் பற்றிக் கேட்டபோது கலா தரையைப் பார்த்தாள். அருள் என்ற கதையை நான்தான் சொன்னேன்.

டொக்டர் சிரிக்கவில்லை, தங்கச்சி முறை வைத்துப் பேசினார். "நங்கி, சாப்பாடு பத்தாவிட்டால் உடம்பு முதலில் அதைத்தான் நிறுத்தும். எலும்புக்குக் கொடுப்பதையும் குறைக்கும். காலை முழுக்க மலையில் நின்ற கால், பசித்த எலும்பு, அதைக் கொண்டுபோய்த் தார் ரோட்டில் அடித்திருக்கிறீங்க. இப்போது போட்டியில் ஓடினால் முழுசாக உடையும்" என்றார்.

நாங்கள் வீடு திரும்பும்போது தொழிற்சாலை வளைவில் கலாவின் படம் போட்ட பேனர் கட்டியாகியிருந்தது. விஷயம் கேள்விப்பட்டுத் தலைவரும் சுப்பம்மாவும் வாசலுக்கே வந்துவிட்டார்கள். லயமே கூடி வேடிக்கை பார்த்தது.

"ஊசி போட்டு ஓடும்மா. ஒரு நாள்தானே! தோட்டத்து மானம் என்னாவுறது?"

கலா காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். "மானம் ஒங்க பேனர்ல இருக்கு தலைவரே. எலும்பு எங்கால்ல இருக்கு. நான் ஓடமாட்டேன்."

"வெரதத்தயும் முறிக்கப் போறியா? ஆத்தா சும்மா விடுவாளா?" என்றாள் சுப்பம்மா.

"ஆத்தாகிட்ட நான் பேசிக்கிறேன் அக்கா. பட்டினி கெடன்னு அவ சொல்லல, நானா நேந்துகிட்டது." பிறகு என் பக்கம் திரும்பினாள். "மாமி, அந்த மீன் கொழம்பக் கொண்டாங்க."

அத்தனை பேர் பார்க்க அள்ளிச் சாப்பிட்டாள். "ஒங்களுக்கும் ஒரு துண்டு போடவா தலைவரே?" என்று கேட்டேன். அவர் திரும்பி நடந்துவிட்டார்.

போட்டி அவள் இல்லாமல் நடந்தது. சாமியை ஏமாற்றியவள் என்று பேசினார்கள். திருவிழா அன்று காலில் ஆஸ்பத்திரியில் கொடுத்த சப்பாத்தோடு கோயிலுக்குப் போய் முன் வரிசையில் நின்றாள், நான் பக்கத்தில் நின்றேன். அம்மன் எங்களோடு சண்டைக்கு வரவில்லை. வந்தவர்கள் எல்லாம் மனிதர்கள்தான்.

எலும்பு கூடிவிட்டது, மாதவிலக்கும் ஒழுங்காக வருகிறது. இப்போது புல்தரையில் கொஞ்சம் கொஞ்சமாக ஓடுகிறாள். போன கிழமை தலைவர் மறுபடி வந்து, அடுத்த வருடத்துக்குப் பெயர் கொடுக்கட்டுமா என்று கேட்டார்.

"குடுங்க. ஆனா எங்க ஓடுறது, எவ்வளவு ஓடுறது, என்னா திங்கிறது, மூணும் என் இஷ்டம்."

"சரிம்மா, சரி" என்று தலையாட்டினார். வாசலில் நின்றபடியேதான் தலையாட்டினார். நான் நாற்காலி எடுத்துப் போடவில்லை.