வாசலில் குவிந்த செருப்புகள்

ஓணத்துக்கு முந்தின ஞாயிறு. பெருமாட்டிப் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் நான் மேனேஜர். புது டைல்ஸ் அழுக்காகக் கூடாது என்று, ‘செருப்பைக் கழற்றிவிட்டு வரவும்’ என வாசல் சுவரில் போர்டு மாட்டியிருந்தோம். செருப்பு வைக்க ஸ்டாண்டு மட்டும் வாங்கவில்லை. அன்று வந்த கூட்டத்தில் படியே தெரியாத அளவுக்குச் செருப்பு குவிந்துகிடந்தது.

துணிப்பையோடு வெளியே இறங்கிய சரஸ்வதி, அதில் கால் சிக்கி விழுந்தார். மாடு வளர்த்து சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறவர். வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. சேல்ஸ் பெண்கள் ஓடிவந்து தூக்கினார்கள். நான் குனிந்து பார்த்தது அவர் கையை அல்ல. கால் எதில் சிக்கியது என்று பார்த்தேன்.

“எல்லாம் கஸ்டமர் செருப்புதானுங்க. நமக்குப் பொறுப்பில்லை” என்று முதலாளியிடம் சொன்னேன்.

“அப்படிப் போடுங்க! நாம என்ன செருப்புக்கடையா வெச்சிருக்கறோம்?” என்று சிரித்தார்.

அன்று கடை சாத்தும்போது போர்டைக் கழற்றி குடோனில் போட்டேன். யாரும் சொல்லி நான் அதைச் செய்யவில்லை.

மறுவாரம் கட்டுப் போட்ட கையோடு சரஸ்வதி வந்தார். “ஆஸ்பத்திரிச் செலவும், கை கூடற வரைக்கும் கறவைக்கு ஆள் கூலியும் குடுங்க. இல்லாட்டி மாட்டை வித்துப்போடறதுதான், வேற வழியில்லீங்க.”

“செருப்பு எங்களுதில்லையே அம்மிணி” என்றார் முதலாளி.

“கழட்டச் சொன்னது ஆருங்க? போர்டு வெச்சிருந்தீங்கல்ல?”

“போர்டா? செவுத்துல எங்க இருக்குது, காட்டு.”

வெறும் சுவரைப் பார்த்துவிட்டு அவர் என் பக்கம் திரும்பினார். “ஏனுங்க மேனேஜர், நீங்க படிச்சவரு. இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் போயிர்றனுங்க.”

அந்த ஒரு வார்த்தை எனக்கு வரவில்லை. “இருந்துச்சுங்க. நாந்தான் கழட்டி வெச்சேன்.”

முதலாளி என்னை உள்ளே இழுத்துப் போனார். “சம்பளம் ஆருகிட்ட வாங்கறீங்க?”

“நாம சொல்லித்தான் கழட்டினாங்க. வழியில குமியாம பாத்துக்க வேண்டியது நாமதானுங்க. கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போனாலும் அதைத்தான் கேப்பாங்க. எனக்கு அன்னிக்கே தெரியுமுங்க.”

“தெரிஞ்சுக்கிட்டேவா என்னைச் சிரிக்க வெச்சீங்க?”

வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவர் வெளியே போய், “மாட்டை வித்துப்போடாதீங்க அம்மிணி. செலவு நம்முளுது” என்றார்.

கடை நடத்தும் இளையவர்களுக்குச் சொல்கிறேன். கிடக்கும் பொருள் யாருடையதானாலும், வாடிக்கையாளர் கால் வைக்கும் வழி நம் பொறுப்பு. தெரியாமல் தவறியிருந்தால் மனசு இவ்வளவு உறுத்தாது. நான் தெரிந்து செய்தேன்.

கட்டுப் பிரித்துச் சில வாரம் கழித்து, சொசைட்டி வாசலில் சரஸ்வதி வலது கையால் பால் கேனைத் தூக்குவதைப் பார்த்து நின்றுவிட்டேன்.

“என்னங்க அப்படிப் பாக்கறீங்க? கை நல்லாத்தான் இருக்குது” என்றவர், கேனைத் திண்டின் மேல் வைத்தார். ஒரு சொட்டுப் பால்கூடச் சிந்தவில்லை. அன்றைக்குத்தான் எனக்கு மூச்சு சீராக வந்தது.