ஏசினார் என்று சொன்னேன்

சிங்களப் பேச்சுப் போட்டியில் ஒரு பிளாஸ்டிக் தண்ணீர்ப் போத்தல் பரிசு வாங்கியதிலிருந்து, மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருந்த எங்கள் லயத்தில் என் நடையே மாறிவிட்டது. எனக்கு அப்போது பத்து வயது. சிங்களத்தில் கடிதம் வந்தால் என்னிடம் கொண்டுவருவார்கள். நானும் பெரிய மனுஷி போல வாசித்துச் சொல்வேன். அந்தத் தலைக்கனத்தின் பலனை அனுபவித்தது என் சித்திதான்.

சித்தி கொழுந்து பறிப்பவள். கொழுந்து நிறுக்கும் இடத்தில், கணக்கப்பிள்ளை அவள் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கைச் சரிசெய்வதுபோல வந்து அவள் மார்பில் கைவைத்தான். தோட்டத்துச் சங்கத் தலைவரிடம் சொல்லலாம் என்றார் அப்பா. ஆம்பளைகள் கூட்டத்தில் இதை எப்படிச் சொல்வது என்று சித்தி மறுத்துவிட்டு, பொலிஸுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனாள்.

"நான் சொல்றத அப்படியே சொல்லு பாப்பா. கூட்டவும் வேணாம், கொறைக்கவும் வேணாம்" என்று பஸ்ஸில் இரண்டு தடவை சொன்னாள்.

பொலிஸில் தமிழ் தெரிந்தவர் யாரும் இல்லை. மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி பேனாவைத் திறந்தார். சித்தி தலையைக் குனிந்துகொண்டு நடந்ததைச் சொன்னாள். எனக்குக் காதெல்லாம் சுட்டது. பரிசு வாங்கிய வாயால் இதையா பேசுவது என்று வெட்கம். கணக்கப்பிள்ளை கெட்ட வார்த்தையால் ஏசினார் என்று சிங்களத்தில் சொன்னேன். அவர் அதை எழுதினார். சித்தி கையெழுத்து வைத்தாள். திரும்பும் வழியில் எனக்குச் சீனிப்பணிஸ் வாங்கித் தந்து, "கெட்டிக்காரிடி நீ" என்றாள். நான் முழுதாகத் தின்றேன்.

ஏச்சுதானே, தோட்டத்திலேயே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று பொலிஸ் கைகழுவிவிட்டது. ஆபீசில் தோட்டத்து மேனேஜர் துரைக்கு முன்னால் விசாரணை. கிளாக்கர் ஐயா முறைப்பாட்டைத் தமிழில் வாசித்தார்.

"ஏசுனதுக்கா பொலிசுக்குப் போன?" என்று துரை சிரித்தார்.

"ஏசலைங்க தொர. மேல கைய வச்சாருங்க."

"அப்ப இதச் சொன்னது யாரு? கையெழுத்து ஒன்னோடதுதான?"

சித்தி வாசலில் நின்ற என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு விரலை நீட்டியிருந்தால் போதும்.

"நாந்தாங்க சொன்னேன்" என்றாள்.

கணக்கப்பிள்ளை ஏசியதற்கு மன்னிப்புக் கேட்டான். பொய்க்காரி என்று பெயர் வாங்கிய சித்தியை, நடந்து போகவே ஒரு மணித்தியாலம் பிடிக்கும் தூரத்து மலைக்குக் கொழுந்து பறிக்க மாற்றினார்கள்.

பெண்ணிடம் அப்படி நடந்துகொள்வது குற்றம் என்று சட்டம் அப்போதே இருந்தது. முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதச் சொல்லும் உரிமையும் இருந்தது. இன்று இரண்டையும் என்னால் இரண்டு பாஷையிலும் வாசிக்க முடிகிறது. அவ்வளவுதான். அன்றைக்கு ஆபீசிலிருந்து லயத்துக்குத் திரும்பும்போது சித்தி என்னைத் திட்டவில்லை. நான் மாற்றிச் சொன்னது அவளுக்குப் பிடிபடவில்லை என்று நினைத்து, தப்பித்துக்கொண்ட சந்தோஷத்தில் அவளுக்கு முன்னால் குதித்துக்கொண்டு ஓடினேன்.