தங்கைக்காக மெலிந்த அண்ணன்

மற்றவர்களின் சோற்றுக் கோப்பையில் கைவைப்பதுதான் என் தொழில். வெள்ளவத்தையில் ஒரு சின்னக் கிளினிக்கில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். புட்டைக் கண்டால் "இன்றைக்கு மட்டும்" என்று மனதைத் தேற்றிக்கொள்ளும் உங்களைப் போலத்தான் நானும். அதனால் உபதேசம் செய்யவில்லை. வரதன் அண்ணையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

சோறு தொடாதவர்

வரதன் அண்ணைக்குக் கொட்டாஞ்சேனையில் ஹார்ட்வெயர் கடை. அவருடைய தங்கை மாலதிக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகிவிட்டன. தன்னுடையதில் ஒன்றைக் கொடுக்க இவர் முன்வந்தார். எல்லாம் பொருந்தியது, ஆனால் உடம்புக் கொழுப்பைக் குறைக்காமல் ஒப்பரேஷன் செய்யமுடியாது என்று டொக்டர் என்னிடம் அனுப்பிவிட்டார்.

சோற்றை நிறுத்தியும் வயிறு இறங்கவில்லை என்று நொந்துபோய்ச் சொன்னார். அப்படியென்றால் என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டேன். காலையில் பாண், மத்தியானம் புட்டு, இரவுக்கு இடியப்பம், இடையிடையே தேத்தண்ணியும் பிஸ்கட்டும். எல்லாமே மாச்சத்துத்தான் என்று நான் விளக்க வாயெடுக்கமுன், பக்கத்தில் இருந்த அவர் மனைவி ராணி அக்கா சொன்னார்: "சோத்தை விட்டிட்டார் மிஸ். அதின்ர சொந்தக்காரர் ஒருத்தரையும் விடேல்லை."

பஸ்ஸில் வந்த தலைச்சுற்று

குறையுங்கோ என்றுதான் சொன்னேன். மனுஷன் எல்லாவற்றையும் அடியோடு நிறுத்திவிட்டார். முட்டையும் கோழியும் மட்டும். ஒருநாள் காலி வீதி பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தவருக்குக் கண் இருட்டியிருக்கிறது. கொண்டக்டர் பொடியன் "அய்யே, வாடிவென்ன" என்று சிங்களத்தில் இருக்கச் சொல்லித் தாங்கிப் பிடித்து, ஒருவரை எழுப்பி இவரை இருத்தியிருக்கிறான்.

நேரே என்னிடம் வந்தார். முகம் வெளிறிக் கிடந்தது. இவர் விழுந்தால் இரண்டு உயிரல்லவா விழும். "ஆர் உங்களை முழுக்க விடச் சொன்னது?" என்று கொஞ்சம் கடுமையாகவே கேட்டுவிட்டேன். அவர் நிலத்தைப் பார்த்தபடி சொன்னார்: "அவள் தண்ணியைக்கூட அளந்துதான் குடிக்கிறாள் மிஸ். நான் எப்பிடிச் சோத்துக்கு முன்னால இருக்கிறது?"

மாமாவின் அகப்பை

அன்றைக்கே ஒரு வழிக்கு வந்தோம். கோப்பையில் பாதி மரக்கறி, ஒரு பக்கம் மீனும் பருப்பும், மிச்ச இடத்தில் சிவப்பரிசிச் சோறு. பின்னேரம் கடற்கரை ரோட்டில் நடை. மெதுவாக வயிறு இறங்கியது. காற்சட்டைக்குப் பெல்ட் தேவைப்பட்டது.

அந்த நேரம் பார்த்துக் கல்கிசையில் ஒரு பிறந்தநாள் விருந்து. பெரிய மாமா ஒருவர், "என்னடா, நோயாளி மாதிரிக் கிடக்கிறாய்" என்று அகப்பை நிறையப் பிரியாணியோடு வந்தாராம். வரதன் அண்ணைக்குப் பக்கத்தில் இருந்த மாலதி அவருடைய கோப்பையைக் கையால் மூடிக்கொண்டு சொன்னதை, ராணி அக்கா சிரித்துக்கொண்டே எனக்குச் சொன்னார்: "மாமா, நீங்கள் அண்ணைக்குப் போடேல்லை. என்ர கிட்னிக்குத்தான் போடுறியள்."

ஆஸ்பத்திரிச் சாப்பாடு

கடைசியில் டொக்டர் சம்மதித்தார். ஒப்பரேஷன் நாளன்று கிளினிக்கில் யாருக்கு என்ன சொன்னேன் என்றே தெரியவில்லை. கண் முழுக்கப் போனில். பின்னேரம் ராணி அக்கா எனக்குப் போன் எடுத்தார். "ரெண்டு பேரும் சுகம் மிஸ். மாலதிக்குச் சலம் போகுது." ஒருவருக்குச் சிறுநீர் போகிற செய்திக்கு இப்படி அழுவேன் என்று நான் நினைத்திருக்கவில்லை.

அடுத்தநாள் வரதன் அண்ணையே எடுத்தார். குரல் பலவீனமாக இருந்தது. மத்தியானத்துக்கு வெள்ளைச் சோறு கொடுத்திருக்கிறார்களாம், என்ன செய்வது என்று கேட்டார். முழுவதையும் சாப்பிடச் சொன்னேன். அதற்கு அவர் சொன்னார்: "போனை வையாதேங்கோ மிஸ். தனியச் சாப்பிடப் பயமாக் கிடக்கு."

சோற்றைக் குறைக்கவைக்கத்தான் எனக்குப் படிப்பித்தார்கள்; சோற்றுக்குப் பயந்தவரைத் திரும்பச் சாப்பிடவைப்பதை வேலைக்கு வந்த பிறகுதான் பழகிக்கொண்டேன்.