ஆடியில் வந்த விருந்தாளிகள்

எழுபதுகளின் தொடக்கம். தாம்பரத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்கு வீட்டுக்காரரின் மகனே குடும்பத்தோடு வருவதாகிவிட்டது. நானும் கணவரும் சிட்லபாக்கம் ஏரிப் பக்கம் ஒரு போர்ஷனைப் பேசி முடித்தோம். நாள் பார்க்கத் தோன்றவில்லை. சாமான்களை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு போய் இறங்கியபோது, வீட்டுக்கார ராஜம்மா வாசலில் வழிமறித்தார்.

"இன்னா டீச்சரம்மா, ஆடி பொறந்துடுச்சே! ஆடியில யாராவது புது வூட்ல பால் காய்ச்சுவாங்களா?"

"நாங்க சர்ச்சுக்குப் போறவங்கம்மா. எங்களுக்கு ஆடியெல்லாம் கிடையாது."

"உங்களுக்கு இல்ல. என் வூட்டுக்குக் கீதே!"

பழைய வீட்டுச் சாவியைக் கொடுத்தாயிற்று. தூறல் வேறு. கோபத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. ராஜம்மா என் முகத்தைப் பார்த்தார். பிறகு வண்டியிலிருந்த தலையணைகளை எடுத்து இடுப்பில் இடுக்கிக்கொண்டார்.

"குடிதான் வரக் கூடாது. விருந்தாளியா என் வூட்டுக்கு வரலாமில்ல? வாங்க."

அந்த ஆடி முழுவதும் அவர் வீட்டுக் கூடத்தில்தான் படுத்தோம். பள்ளிவிட்டு வந்ததும் கேட்காமலே தட்டில் சோறு விழும். போதும் என்றால் திட்டு விழும்.

ஆவணி பிறந்ததும் சுவருக்கு அந்தப் பக்கமிருந்த எங்கள் போர்ஷனுக்குக் குடிபோனோம். பால் பொங்கியபோது திரும்பிப் பார்த்தேன். நிலைப்படிக்கு வெளியே, ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி ராஜம்மா நின்றார்.

"உள்ள வரலாமா, டீச்சரம்மா?"

அவர் வீட்டில் நாங்கள் ஒருநாளும் கேட்க நேராத கேள்வி அது.

இப்போது எங்களுக்கும் சொந்த வீடு, மாடியில் ஒரு போர்ஷன். ஆடியில் யாராவது வீடு கேட்டு வந்தால், மாடிச் சாவியைத் தேடுமுன் எங்கள் கூடத்தில் இடமிருக்கிறதா என்றுதான் பார்க்கிறேன்.