எது உடைந்தாலும் 'வெற்றி'

மென்பொருளைத் தானாகக் கட்டுவதற்கு நான் எழுதிய ஸ்கிரிப்ட், நடுவில் எது உடைந்தாலும் கடைசியில் 'வெற்றி' என்றே அச்சிடும். மூன்று மாதம் அதைப் பார்த்து நானே பூரித்திருந்தேன்.

கோளாறைக் கண்டுபிடிக்க எங்கள் பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்துக்கு ஒப்பந்தத்தில் வந்தவர் ஒல்லியானவர். கணினி வரிவரியாக எழுதிவைக்கும் பதிவான லாக்கை எப்போதும் மேலிருந்து, திரையில் விரல் வைத்துப் படிப்பார்.

"கடைசி எர்ரர விடுங்கண்ணே. மொதல்ல வந்ததுதான் நோவு, மத்ததெல்லாம் ஒப்பாரி லா."

விரல் கடைசியில் என் ஸ்கிரிப்டின் வரி ஒன்றில் நின்றது. என்னைப் பார்த்தார், திருத்தினார். மேனேஜரிடம் என் பெயரைச் சொல்லவில்லை. கோளாறால் வேலை தாமதமான பழி அவர்மேல் விழுந்தது, ஒப்பந்தம் போயிற்று. நான் வாய் திறக்கவில்லை. அவர் ஏன் சொல்லவில்லை என்பது இன்றும் புரியவில்லை.

பக்கத்து மேசை அக்காவிடம் புலம்பினேன்.

"மேனேஜர்கிட்ட இப்பவாச்சும் சொன்னீங்களா?"

"இல்லக்கா."

"அப்ப அந்த ஸ்கிரிப்ட் உங்களதுதான், சந்தேகமே இல்ல."