அம்மாவுக்குச் சொல்லாத நோய்

அனுப்பர்பாளையத்தில் பாத்திரப் பட்டறைக் குடும்பத்தில் பிறந்த எங்கள் அம்மா, மணமாகி மண்ணரைக்கு வந்தார். அப்பா இளம் வயதிலேயே தவறிவிட, பனியன் கம்பெனியில் தைத்த துணியில் குறை பார்த்து ஒதுக்கும் செக்கிங் வேலை பார்த்து என்னையும் தம்பியையும் படிக்க வைத்தார். "அவசர ஆர்டருங்க, கண்டுக்காம விட்டுடுங்கக்கா" என்று கெஞ்சிய சூப்பர்வைசரிடம், "ஓட்டைய ஓட்டைன்னுதானுங்க சொல்லோணும்" என்றவர் அவர். அப்படிப்பட்டவரிடம் குடும்பமே சேர்ந்து பொய் சொன்னது.

இருமல் நிற்காமல் கோவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனபோது, நுரையீரல் புற்றுநோய், முற்றிய நிலை என்று எங்களைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்கள். அம்மாவின் அண்ணன், எங்கள் பெரிய மாமா, வெளியே வந்து அம்மாவிடம் "நெஞ்சுச் சளிதான் கண்ணு" என்றார். சளிக்கென்று அம்மாவிடம் சொல்லி ஏற்றிய புற்றுநோய் மருந்து கேட்கவில்லை. புதிய மருந்து ஒன்றைப் பரிசோதித்து வருவதாகவும் அதில் அம்மாவைச் சேர்க்கலாம் என்றும் டாக்டர் சொன்னார். குணமாகும் என்று உறுதி தரவில்லை. "என்ன நோய், என்ன மருந்துன்னு அவங்களுக்கே தெரியணும். அவங்கதான் சம்மதிக்கணும்" என்றார்.

மாமா டாக்டரிடமே சீறினார். "பேரைக் கேட்டாலே உசுரு போயிருமுங்க. நம்ம ஊட்டுப் பொம்பளைய வெச்சா மருந்து சோதிப்பீங்க?"

"நான் சொல்லிடறனுங்க மாமா" என்றேன். அன்றே மாமா அம்மாவை நெருப்பெரிச்சல் ஊரில் இருக்கும் தம் வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டார். நான் போனபோதெல்லாம், சொல்லிவிடாதபடி பக்கத்தில் சொந்தக்காரர் ஒருவர் காவல். இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர் அந்தக் காவலில் உட்கார்ந்தவர்கள்தான். சண்டை போட்டு அம்மாவை அழைத்துவர மாதங்கள் ஆகின.

சொன்னேன். அம்மா அழவில்லை. "ஊருக்கெல்லாம் தெரிஞ்சு எனக்கு மட்டுந்தான் தெரியலையா கண்ணு?" என்றார். பிறகு, "அந்த டாக்டரப் பார்க்கோணும். நானே கேட்டுக்கறேன்" என்றார்.

கோவைக்குப் போனோம். நோய் மூளைக்குப் பரவியிருந்தது. அந்த நிலையில் இருப்பவர்களைப் பரிசோதனையில் சேர்க்க விதி இல்லை என்று டாக்டர் அம்மாவின் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

அந்த மருந்து காப்பாற்றியிருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்ல வேண்டியவர் அம்மா. அந்த உரிமையைப் பிடுங்கிக்கொண்டு, இன்று பாசம் என்கிறீர்கள். கேட்கும்போதே பற்றிக்கொண்டு வருகிறது.

அம்மாவிடம் எதையும் மழுப்பாமல் பேசிய அந்த டாக்டருக்கும், முறை வைத்து வந்து கவனித்துக்கொண்ட, அம்மாவோடு வேலை பார்த்த செக்கிங் அக்காக்களுக்கும் எங்கள் நன்றி. "சில காலம் உடல்நலமின்றி இருந்து" என்று இந்த மலரில் போடச் சொல்லி மாமா ஆள் அனுப்பினார். போட மாட்டேன். எங்கள் அம்மா நுரையீரல் புற்றுநோயால் இறந்தார்.