நெறி கட்டிய கழுத்து

அத்தையின் சுண்ணாம்பு டப்பி என் மேசையில் இருக்கிறது. உள்ளே சுண்ணாம்பு கல்லாகக் காய்ந்து கிடக்கிறது. கழுவ மனம் வரவில்லை. திண்டுக்கல்லில் ஒரு புகையிலைக் கிட்டங்கியில் காம்பு கிழிக்கும் வேலை அவளுக்கு. இடது கன்னத்துக்குள் எப்போதும் சுண்ணாம்பு தடவிய ஒரு துண்டு புகையிலை அடங்கியிருக்கும். அவள் வயது ஐம்பதுகளின் கடைசியில் இருந்தபோது அந்த இடத்தில் புண் வந்தது, யாரிடமும் சொல்லவில்லை. கழுத்தில் நெறி கட்டியதும் அம்மா, காயம் எங்கே என்று தலையையும் காதையும் துழாவிவிட்டு, அதே டப்பிச் சுண்ணாம்பை மஞ்சளோடு குழைத்துப் பற்றுப் போட்டாள். வாய்க்குள் பார்க்க எங்களுக்குத் தோன்றவே இல்லை.

ஆஸ்பத்திரியில் வாய்ப்புற்று என்றார்கள். மதுரைக்குப் போய் ஆபரேஷன் செய்துகொள்ளச் சொன்னார்கள். கழுத்துக்கு இறங்கிவிட்டது, இனிக் கத்தி வைத்தால் உடம்பெல்லாம் பரவும் என்று சொந்தக்காரர்கள் கூடி முடிவுகட்டினார்கள். அப்பாவும் தலையாட்டினார். உயிரோடு இருப்பவளை நடுவில் உட்காரவைத்துக்கொண்டு அவர்கள் பேசியதை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அத்தை தன் தம்பியான அப்பாவைப் பார்த்துச் சொன்னாள்: "கால்ல முள்ளு குத்துனா தொடை இடுக்குல நெறி கட்டுதுல்ல, அது சாகவா கட்டுது? சண்டைக்கில்ல நிக்குது. அது நிக்கையில நான் படுத்துக்கிறவா? நீ வராட்டி இரு, நான் போறேன்." மறுநாள் தனியாகவே பஸ் ஏறினாள்.

கன்னத்துப் புண்ணோடு கழுத்து நெறிகளையும் வெட்டியெடுத்துச் சோதித்தார்கள். நெறிகளில் புற்று இல்லை, அதை எதிர்த்துத்தான் வீங்கியிருக்கின்றன என்றார் டாக்டர். எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை. நெறிக்குள்ளேயே புற்று குடியேறிவிடுவதும் உண்டு. புற்றின் துணுக்குகள் கழுத்து நெறிக்கு வந்து சேர்வதையும், அங்கே வெள்ளணுக்கள் அதை அடையாளம் கண்டு, பெருகி, திரும்பிப் போய்த் தாக்குவதையும் இப்போது படிக்கிறேன். அவளுக்காக நின்றவற்றையும் சேர்த்தே வெட்டியிருக்கிறார்கள். அன்றைக்கு வேறு வழி தெரியவில்லை.

வாய் கோணி, கழுத்தில் தழும்போடு திரும்பியவளை முந்தானையால் மூடிக்கொள்ளச் சொன்னாள் அம்மா. அவள் மூடவில்லை. கல்யாண வீடுகளில் முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள். வேண்டாம் என்று தலையாட்டிய அப்பாவுக்கு, பல வருடம் கழித்து, கடைசி மாலை போட்டவளும் அவள்தான்.

அவள் புகையிலையை விட்டபின் இந்த டப்பியை நான் தூக்கி எறியப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டாள். "இருக்கட்டும்டி," என்றாள் குழறிய வாயோடு. "என்னையக் கொல்லப் பாத்தது கண்ணு முன்னாலயே கெடக்கட்டும்."

கிடக்கிறது.